ஐந்தாவது வாரப் பயிற்சி

1

போன ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு வாட்ஸப் குழுவிலிருந்து வெளியேறினேன். குழுவின் பெயர் "சும்மா நாலு பேர்". மற்ற மூவரும் முன்பே போய்விட்டார்கள். ஆரம்பித்தவளும் நான், கடைசியில் அதில் தனியாகக் கிடந்தவளும் நான்.

அன்று என் தோழி விஜியின் கணவர் குணசேகரனுக்கு முதல் தெவசம். பட்டாபிராமில் ஸ்டேஷன் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் என் பள்ளித் தோழன் டில்லி ஒரே ஒரு வரி அனுப்பியிருந்தான். "குணா அண்ணனுக்கு இன்னிக்கு வருசம். தெரிஞ்சிக்க." எட்டொன்பது மாதத்தில் அவனிடமிருந்து வந்த முதல் செய்தி அது. பதில் போட்டேன். அவன் படித்ததற்கான நீலக்கோடு விழுந்தது, அதற்குமேல் ஒன்றும் வரவில்லை.

இதற்கு முன் நான் எழுதிய குறிப்புகளில் பனியைப் பற்றியும் இந்த ஊர்ப் பேருந்து ஓட்டுநர்களைப் பற்றியும் எழுதியிருக்கிறேன். ஊரிலிருந்து படித்துவிட்டு, "நல்லா இருக்கு, நேர்ல பாத்த மாதிரி இருக்கு" என்று சொல்லியிருக்கிறீர்கள். இது அப்படிப்பட்டதல்ல. ஆவடி, பட்டாபிராம் பக்கம் சிலருக்கு இதில் பாதி ஏற்கெனவே தெரியும். அவர்களுக்குத் தெரிந்திருக்கும் பாதி சரியான பாதி இல்லை என்பதால் எழுதுகிறேன்.

2

ஜெர்மனியின் தெற்கே ஒரு சின்ன ஊரில் பதினாறு வருடமாக இருக்கிறேன். ஆஸ்பத்திரியில் வேலை. அறுவை சிகிச்சைக் கருவிகளைக் கழுவி, எண்ணி, நீராவியில் வேகவைத்து, உறையில் போட்டு ஒட்டும் பிரிவு. ஜன்னல் இல்லாத அறை. ஒரு தட்டில் முப்பத்திரண்டு கருவி இருக்க வேண்டுமென்றால் முப்பத்திரண்டுதான் இருக்க வேண்டும். பேச்சுக்கு அங்கே வேலை இல்லை.

இரண்டு வருடத்துக்கு முன் முதுகு பிடித்துக்கொண்டது. பிறகு காரணமில்லாமல் அழுகை வர ஆரம்பித்தது. குடும்ப மருத்துவர் இரண்டு மாதம் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, "மாலை வகுப்பு எதிலாவது சேருங்கள்" என்றார். நகராட்சி நடத்தும் வகுப்புகளில் ஒன்றில் சேர்ந்தேன். கற்பனைத் திறனைத் தட்டி எழுப்பும் பயிற்சிகள். வாரம் ஒரு தாள் தருவார்கள், மொத்தம் பன்னிரண்டு தாள். ஒரு மணி நேரம் எழுத வேண்டும், அல்லது வரைய வேண்டும். பிறகு வட்டமாக உட்கார்ந்து படித்துக்காட்ட வேண்டும்.

என் முறை வரும்போதெல்லாம் என் வாக்கியங்கள் உடைந்தன. மனதில் இருப்பது ஒன்று, ஜெர்மனில் வருவது ஒன்று. ஒருமுறை எங்கள் ஆவடி குவார்ட்டர்ஸ் தண்ணீர்த் தொட்டியைப் பற்றி எழுதியதை வாசித்தேன். நான் சொன்ன சொல்லுக்குக் கழிவுத்தொட்டி என்று அர்த்தமாம். எல்லோரும் மரியாதையாகச் சிரிக்காமல் இருந்தார்கள். அதைவிடச் சிரித்திருக்கலாம்.

என் மகள் நிலாவுக்குப் பதினைந்து வயது. அவளிடம் வாசித்துக் காட்டினால் திருத்துவாள். "அம்மா, யாரும் அப்படிச் சொல்ல மாட்டாங்க" என்பாள். அதையும் ஜெர்மனில்தான் சொல்வாள்.

அப்போதுதான் தோன்றியது, இதையே தமிழில் செய்தால் என்ன என்று. தாள்களை மொழிபெயர்த்தேன். பள்ளியில் உடன் படித்த மூன்று பேரைச் சேர்த்தேன். போன வருடம் ஜனவரியில் ஆரம்பித்தோம். எனக்கு ஞாயிறு காலை பத்து மணி, அவர்களுக்குப் பிற்பகல் இரண்டரை. ஒருத்தி இரண்டாவது வாரமே "நேரமில்லப்பா" என்று போய்விட்டாள். குழுவின் பெயரை மாற்றவில்லை. மிஞ்சியது நான், டில்லி, விஜி.

3

விஜியும் நானும் ஆவடியில் ராணுவத் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் ஒரே வரிசையில் வளர்ந்தவர்கள். அவள் அப்பா திருநெல்வேலிப் பக்கம், என் அப்பா சேலம். இரண்டு பேருக்கும் ஒரே ஷிப்ட். ப்ளஸ் டூவில் தமிழில் அவள்தான் முதல். மேலே படிக்கவில்லை. அதே தொழிற்சாலையில் வெல்டராக இருந்த குணசேகரனைக் கட்டிக்கொண்டு திருமுல்லைவாயிலில் குடியேறினாள். ஒரே பையன், பிரவீன், புனேயில் வேலை. நாங்கள் குழு ஆரம்பிப்பதற்கு மூன்று வருடம் முன்பு குணசேகரனுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் குழறிவிட்டது. அதிலிருந்து விஜி வீட்டை விட்டு வெளியே போவதென்றால் மருந்துக்கடை, பால் பூத், அவ்வளவுதான்.

முதல் வாரப் பயிற்சி, தினமும் பார்க்கும் ஒரு சுவரைப் பற்றி எழுதுவது. டில்லி தன் கடைக்கு எதிர்ச்சுவரைப் பற்றி எழுதினான். எழுதினான் என்பதைவிட, பேசினான்.

"அந்த செவுத்துல நாப்பது வருச போஸ்டர் கீதும்மா. மழைல ஊறிகினு ஒண்ணு கழண்டுச்சின்னா, உள்ள செத்துப்போன கட்சிக்காரன்லாம் சிரிச்சிகினு நிப்பான். காலீல கடைய தொறந்தா மொதல்ல அவனுங்களுக்குத்தான் வணக்கம்."

நானும் விஜியும் விழுந்து விழுந்து சிரித்தோம். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பக்கத்து அறையில் அவர் தூங்கிக்கொண்டிருந்தார்.

மூன்றாவது வாரம், ஒரு கையைப் பற்றி எழுத வேண்டும். நான் என் கையுறையைப் பற்றி எழுதினேன். விஜி குணசேகரனின் வலது கையைப் பற்றி எழுதியிருந்தாள். "குளிப்பாட்டும்போது அந்தக் கையைத் தூக்கிப் பிடிக்கிறேன். யாரோ பத்திரமாக வைத்திருக்கச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போன சாமான் மாதிரி இருக்கிறது. அவர்கள் திரும்பி வரவே இல்லை." இதைப் படித்துவிட்டு அவளே கொஞ்சம் பயந்தாள். "ரொம்ப எழுதிட்டேனா டி?" என்றாள்.

இல்லை என்றேன். இன்னும் எழுது என்றேன். எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

4

ஐந்தாவது தாளில் இருந்த கேள்வி ஜெர்மனில் மிகச் சாதாரணமானது. நீங்கள் எதை விட்டுவிட விரும்புகிறீர்கள்? கையில் பிடித்திருப்பதை மெல்லத் தளர்த்துவதற்கு ஒரு சொல் இருக்கிறது அவர்களிடம். மருத்துவரும் சொல்வார், யோகா சொல்லித்தருபவளும் சொல்வாள்.

"எதை விட்டுவிட நினைக்கிறாய்?" என்று எழுதிப் பார்த்தேன். சப்பென்று இருந்தது. என் தமிழ் இன்னும் செத்துவிடவில்லை என்று காட்டிக்கொள்ளும் ஆசை எனக்கு. அடித்துவிட்டு இப்படி எழுதினேன்: "எதைத் தலைமுழுகப் போகிறாய்? ஐந்து எழுது."

அந்தச் சொல்லின் கனம் எனக்குத் தெரியாமல் இல்லை. உறவை அறுத்தவனைத்தான் தலைமுழுகிவிட்டேன் என்போம். சாவு வீட்டுக்குப் போய் வந்தால் தலைமுழுகுவோம். தெரிந்தேதான் போட்டேன், காரமாக இருக்கட்டும் என்று. தூரத்தில் இருந்தால் சொற்கள் விளையாட்டுப் பொருளாகிவிடுகின்றன.

விஜி தலைப்பைத் தன் நோட்டில் அப்படியே எழுதிக்கொண்டு, கீழே வரிசையாக எழுதியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை அதைப் படித்தாள்.

"ஒண்ணு, உடைஞ்ச பச்சை வாளி. ரெண்டு, மாமியார் குடுத்த பித்தளை அண்டா. மூணு, பினாயில் வாசனை. நாலு, பக்கத்து வீட்டுக்காரங்க 'பாவம்'னு சொல்ற சொல். அஞ்சு..." கொஞ்சம் நிறுத்தினாள். "அஞ்சு, அவர்."

டில்லி திரையில் தலையைக் குனிந்துகொண்டான். நான்தான் பேசினேன்.

"அருமை விஜி. இதுதான் எழுத்து."

இதை மறைத்துவிட்டு மேலே எழுத முடியாது. அப்படித்தான் சொன்னேன்.

5

ஏழாவது வாரப் பயிற்சி, வேலை எதுவும் இல்லாமல் தனியாக இரண்டு மணி நேரம் வெளியே இருப்பது. வாங்கக் கூடாது, யாரையும் பார்க்கப் போகக் கூடாது, சும்மா இருக்க வேண்டும்.

"எனக்கு இது ஆவாது டி. அடுத்ததுக்குப் போயிடலாம்" என்றாள் விஜி.

"ரெண்டு மணி நேரம் விஜி. மூணு வருஷத்துல உனக்குன்னு ரெண்டு மணி நேரம் எடுத்திருக்கியா?"

"அவர் எந்திரிக்கப் பாப்பாரு. நான் இல்லன்னா தேடுவாரு."

"மதியம் தூங்கற நேரத்துல போ. கீழ் வீட்டுல சாவி குடுத்துட்டுப் போ. உலகம் அழிஞ்சுடாது."

செவ்வாய்க்கிழமை போனாள். சாப்பாடு ஊட்டி, மாத்திரை கொடுத்து, அவர் தூங்கியதும் கீழ் வீட்டுப் பெண்ணிடம் சாவி கொடுத்துவிட்டுக் கிளம்பியிருக்கிறாள். திருமுல்லைவாயிலில் மின்சார ரயில் ஏறி, பட்டாபிராமில் இறங்கி, நடைமேடையில் உட்கார்ந்திருக்கிறாள். அங்கிருந்து குழுவுக்கு ஒரு குரல் பதிவு அனுப்பினாள். ஆஸ்பத்திரி ஓய்வறையில் காபியோடு நின்றுகொண்டு கேட்டேன். பின்னால் ரயில் அறிவிப்பு.

"அமுதா, பெஞ்ச்ல உக்காந்திருக்கேன். ஒண்ணும் பண்ணல. ஒருத்தரும் என்னை எதுவும் கேக்கல. நல்லா இருக்கு டி."

அந்த நேரத்தில் குணசேகரன் குளியலறை வாசலில் விழுந்து கிடந்தார். கீழ் வீட்டுப் பெண் ஒருமுறை வந்து எட்டிப் பார்த்திருக்கிறாள், தூங்கிக்கொண்டிருந்தார். அதன் பிறகுதான் எழுந்திருக்க வேண்டும். தலையின் பின்பக்கம் அடி. விஜி திரும்பி வந்து கதவைத் திறந்தபோது மூச்சு இருந்தது. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் போய்விட்டார்.

6

கீழே விழுந்து தலையில் அடிபட்டு வந்த சாவு என்பதால் ஆஸ்பத்திரியிலிருந்து போலீசுக்குத் தகவல் போனது. அது வழக்கம்தான். ஒரு கையெழுத்தோடு முடிந்திருக்கும். ஆனால் பதினாறாம் நாள் காரியத்துக்கு வீட்டைக் கழுவியபோது அந்த நோட்டு குணசேகரனின் அக்கா கஸ்தூரி கையில் கிடைத்தது.

கஸ்தூரி அக்கா தம்பியைத் தூக்கி வளர்த்தவர். பக்கத்தைத் திருப்பியிருக்கிறார். மேலே கொட்டை எழுத்தில் "எதைத் தலைமுழுகப் போகிறாய்?" கீழே ஐந்தாவதாக "அவர்". தேதியும் இருந்தது. அடுத்த மூன்றாவது வாரம் தம்பி பிணம். ஒப்பாரி வைக்கவில்லையாம். கூடத்தில் உட்கார்ந்திருந்த பிரவீனிடம் நோட்டை நீட்டி, "உங்கம்மா எழுதி வெச்சிருக்கறதப் படி" என்றாராம். அவன் படித்தான். பிறகு அக்கா நேராகக் காவல் நிலையத்துக்குப் போனார்.

மறுநாள் விஜி என்னைக் கூப்பிட்டாள். குரலில் நடுக்கம் இல்லை.

"ஸ்டேஷனுக்கு வரச் சொல்லியிருக்காங்க. அந்தத் தலைப்பு நீ குடுத்ததுதான்னு ஒரு வார்த்தை சொல்லிடு டி. மத்ததை நான் பாத்துக்கறேன்."

"கண்டிப்பா" என்றேன்.

டில்லி அதற்குள் கடையை அடைத்துவிட்டு நிலையத்துக்கே போயிருந்தான். "போனக் காட்டுனேன் அமுதா. எஸ்.ஐ. இன்னா சொல்றாருன்னா, தலைப்ப எழுதுனது அந்த ஜெர்மனி அம்மான்னா அந்தம்மாவே ஒரு கடுதாசி எழுதிக் கையெழுத்து போட்டு அனுப்பட்டுங்கறாரு. அவ்ளோதான். நீ அனுப்பு, நான் பிரிண்ட் எடுத்துகினு போறேன்."

அன்று மாலையே எழுதினேன். ஒன்றரைப் பக்கம். என் கணவர் முரளி படித்தார். படித்துவிட்டு எழுந்து போய் ஒரு கோப்பைக் கொண்டு வந்து மேசைமேல் வைத்தார். எங்கள் குடியுரிமை விண்ணப்பத்தின் நகல். ஒன்றரை வருடமாகக் காத்திருக்கிறோம். மூன்றாவது பக்கத்தில் ஒரு கேள்வி: உங்கள்மீது உள்நாட்டிலோ வெளிநாட்டிலோ விசாரணை ஏதும் நடக்கிறதா? இல்லை என்று கட்டத்தில் குறியிட்டிருந்தேன். ஏதாவது மாறினால் உடனே தெரிவிக்க வேண்டும் என்று அடியில் கையெழுத்தும் போட்டிருந்தேன்.

"உன் மேல இல்ல, தெரியும்" என்றார் முரளி. "ஆனா ஒரு சந்தேக மரணத்துல உன் பேர் ஏறும். நீதானே அவங்கள வெளிய போகச் சொன்ன? அதையும் கேப்பாங்க. அடுத்த மாசம் வந்துடும்னு சொல்லியிருக்காங்க. ஒரு மாசம் பொறு அமுதா. அவங்க மேல ஒண்ணும் நிக்காது. டாக்டர் ரிப்போர்ட் இருக்கு."

பொறுத்தேன். வேறு எதுவும் சொல்வதற்கில்லை. முரளி என் கையைப் பிடித்து நிறுத்தவில்லை. எனக்கு வேண்டியிருந்த காரணத்தை எடுத்துக் கொடுத்தார், நான் வாங்கிக்கொண்டேன்.

முதல் வாரம், "வக்கீல்கிட்ட கேட்டுட்டு அனுப்பறேன்" என்றேன். இரண்டாவது வாரம், உடம்பு சரியில்லை என்றேன். விஜியை இரண்டாம் முறை கூப்பிட்டார்கள், மூன்றாம் முறை கூப்பிட்டார்கள். காலை பத்து மணிக்கு வரச்சொல்லி மாலை ஐந்து வரை உட்கார வைத்தார்கள். தெருவில் ஆள் ஆளுக்குப் பேசினார்கள். பிரவீன் அம்மாவிடம் சொல்லாமலே புனேக்குப் போய்விட்டான்.

டில்லி ஒரு நாள் நான் வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் கூப்பிட்டான்.

"இன்னாம்மா, நீ கீறியா இல்லியா?"

"டில்லி, இங்க ஒரு பேப்பர் வரவேண்டியிருக்கு..."

"அவ அங்க பெஞ்ச்சுல குந்திகினு கீறா. கான்ஸ்டபுள்லாம் வந்து அந்த நோட்ட எடுத்துப் படிச்சிட்டு சிரிக்கிறான். குணா அண்ணன் கைய பத்தி எழுதினாளே, அதையும் படிக்கிறானுங்க. உனுக்கு பேப்பரா?"

வேலைக்கு நேரமாகிறது என்றேன். "சரி, வச்சிடு" என்றான். அன்றே குழுவிலிருந்து போய்விட்டான். மறுநாள் விஜியும்.

நிலாவுக்கு எப்படித் தெரிந்தது என்று தெரியாது. சமையலறையில் நாங்கள் பேசுவதைக் கேட்டிருப்பாள். ஒரு நாள் சாப்பிடும்போது தட்டைப் பார்த்துக்கொண்டே, எண்ணி எண்ணித் தமிழில் கேட்டாள்.

"அம்மா, நீ அந்த ஆன்ட்டிக்கு லெட்டர் போடலயா?"

"போடணும் கண்ணா."

"பயமா?"

பல மாதங்களுக்குப் பிறகு அவள் தானாக என்னிடம் தமிழில் பேசியது அன்றுதான். 

7

ஒரு மாதம் என்றது இரண்டரை மாதம் ஆயிற்று. நகராட்சி அலுவலகத்தில் சான்றிதழ் கொடுத்தார்கள். ஒரு சின்ன உறுதிமொழி, ஒரு கைகுலுக்கல், ஒரு தொட்டிச் செடி. அலுவலர் அம்மாள் நல்ல மாதிரி. கோப்பை மூடும்போது பொதுவாகக் கேட்பதுபோல் கேட்டேன், ஒருவர் வேறு நாட்டில் ஒரு விசாரணைக்குச் சாட்சிக் கடிதம் கொடுத்திருந்தால் இந்த விண்ணப்பம் தடைப்பட்டிருக்குமா என்று.

அவர் புருவத்தைத் தூக்கினார். "சாட்சி சொன்னதற்கா? அதனால் எப்படித் தடைப்படும்?"

அரை நிமிடம்கூட ஆகவில்லை. இரண்டரை மாதத்தில் எந்த நாளிலும் தொலைபேசியை எடுத்து இதைக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டால் இந்தப் பதில்தான் வரும் என்று எனக்கு உள்ளுக்குள் தெரிந்திருக்கிறது என்று இப்போது நினைக்கிறேன்.

அன்று மாலை கடிதத்தை அனுப்பினேன். டில்லியிடமிருந்து மறுநாள் பதில் வந்தது. "கேஸ் மூடி பத்து நாள் ஆச்சு. டாக்டர் ரிப்போர்ட்ல தானா விழுந்ததுன்னு எழுதிட்டாங்க. இது இனிமே எதுக்கு."

8

ஆகஸ்டில் ஊருக்குப் போனேன். வேறு யாருக்காகவும் இல்லை. அப்பா அம்மா போன பிறகு எனக்கு அங்கே வீடு என்று எதுவும் கிடையாது.

முதலில் பட்டாபிராமில் கஸ்தூரி அக்கா வீட்டுக்குப் போனேன். எழுபதைத் தொடும் வயது. கதவைத் திறந்து யாரென்று கேட்டார், சொன்னேன். உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். எல்லாவற்றையும் சொன்னேன். அந்தத் தலைப்பு என்னுடையது, அவளை வெளியே போகச் சொன்னதும் நான், அவள் மாட்டேன் என்றுதான் சொன்னாள் என்றேன். குறுக்கே பேசாமல் கேட்டார்.

"இத அப்பவே வந்து சொல்லியிருக்கலாம்ல?" என்றார்.

"சொல்லியிருக்கணும் அக்கா."

"தம்பி செத்துட்டான். யார் மேலயாவது நான் கோவப்பட்டாகணும். நீ சொல்லியிருந்தா உன் மேல பட்டிருப்பேன். நீ எங்கயோ தூரத்துல இருக்கறவ, உன்னை அது ஒண்ணும் பண்ணியிருக்காது." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "கையில கெடச்சது அவதான். எல்லாத்தையும் சொல்லிட்டேன். பையன்கிட்டயும் சொல்லிட்டேன். இப்ப எதைப் போய் நான் திருப்பி எடுக்கறது?"

கிளம்பும்போது வாசல் வரை வரவில்லை.

விஜியை மறுநாள் மாலை அவள் வீட்டில் பார்த்தேன். வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். கரையான்சாவடியில் ஐ.டி.யில் இருக்கும் தம்பதியின் ஃப்ளாட், படுத்த படுக்கையாக ஒரு வயதான அம்மாள். காலை எட்டிலிருந்து மாலை ஆறு வரை. "எனக்குத் தெரிஞ்ச வேலை இது ஒண்ணுதானே" என்றாள். திருமுல்லைவாயில் வீட்டில் அவள் மட்டும்தான். பிரவீன் மாதம் ஒருமுறை கூப்பிடுகிறானாம். சாப்பிட்டியா என்று கேட்பானாம். அவள் ஆச்சு என்பாளாம். அவ்வளவுதான் பேச்சு.

மெலிந்திருந்தாள். காபி கொடுத்தாள். நான் கஸ்தூரி அக்காவைப் பார்த்து வந்ததைச் சொன்னேன்.

"வார்த்தைய நான்தான் தப்பா மொழிபெயர்த்தேன்னு சொல்லிட்டேன் விஜி."

"தப்பா?" என்று திரும்பினாள். "அதுல என்ன தப்பு? நீ 'விட்டுடு'ன்னு எழுதியிருந்தா நானும் வாளி, அண்டா, சொம்புன்னு எழுதிட்டுப் போயிருப்பேன். அந்த வார்த்தையப் பாத்ததும்தான் அவர் ஞாபகம் வந்துச்சு. மனசாரத்தான் எழுதினேன் அமுதா. எழுதிட்டு எந்திரிச்சுப் போய் அவருக்குக் கஞ்சி ஊட்டினேன். அதையும் மனசாரத்தான் செஞ்சேன். ரெண்டு பேரும் நான்தான். இதை எந்த எஸ்.ஐ. கிட்ட சொல்றது?"

நான் அழ ஆரம்பித்தேன். அவள் அழவில்லை. என்னைத் தேற்றவும் இல்லை.

"நீ வந்து என்னைக் காப்பாத்தணும்னு கூப்பிடல. காலைல இருந்து அந்த ஸ்டேஷன்ல உக்காந்திருப்பேன். வர்றவன் போறவன்லாம் பாப்பான். இது என் பேர் மட்டும் இல்ல, இன்னொருத்தி பேரும் இதுல இருக்குன்னு இருந்தா கொஞ்சம் நிமிர்ந்து உக்காந்திருப்பேன். பேரு மட்டும்தான் கேட்டேன். அதுக்கு உனக்கு ரெண்டரை மாசம் யோசனை."

"விஜி, நான்..."

"விடு. ஆறு மணி வரைக்கும் உள்ள வேலைய இன்னைக்கு அஞ்சுக்கு முடிச்சுட்டு வந்திருக்கேன், உனக்காக. காபி ஆறுது, குடி."

குடித்தேன். நோட்டைப் போலீஸ் திருப்பிக் கொடுத்துவிட்டார்களா என்று கேட்டேன். கொடுத்துவிட்டார்கள், பழைய பேப்பர்காரனுக்குப் போட்டுவிட்டேன் என்றாள். இப்போது ஏதாவது எழுதுகிறாயா என்று கேட்கும் அளவுக்கு எனக்குத் துணிச்சல் இல்லை. அவளே சொன்னாள். "அந்த அம்மாவுக்கு எத்தனை மணிக்கு மாத்திரை குடுத்தேன்னு எழுதறேன். அவங்க பொண்ணு சாயங்காலம் வந்து பாக்கும்."

ரயில் ஸ்டேஷன் வரை கூடவே நடந்து வந்தாள். வரவேண்டாம் என்று சொல்லியும் வந்தாள். வழியில் இரண்டு பேர் அவளைப் பார்த்துவிட்டுப் பேச்சை நிறுத்தினார்கள். அவள் நடையை மாற்றவில்லை. நடைமேடையில் கூட்டம், வேலை முடிந்து வருகிறவர்கள். சென்ட்ரல் போகும் வண்டி தூரத்தில் தெரிந்தது.

பதினாறு வருடத்தில் ஒவ்வொரு முறை நான் கிளம்பும்போதும் வழியனுப்ப அவள் வந்திருக்கிறாள். குணசேகரன் படுத்த பிறகும்கூட, தெருமுனை வரையாவது.

"போயிட்டு வர்றேன் விஜி" என்றேன்.

வண்டி வந்து நின்றது. ஏறுகிறவர்கள் என்னை இடித்துக்கொண்டு போனார்கள். அவள் என் தோளைப் பிடித்து யார்மேலும் மோதாமல் வாசல் பக்கம் திருப்பிவிட்டாள்.

"கூட்டமா இருக்கு. ஏறு" என்றாள். "போ."